அக்கரைக் குடிசை

உங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. சேந்தமங்கலத்துக்கு மிளகு மூட்டையோடு நான் எத்தனையோ தடவை இறங்கி வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போனபின் வயிறு படுத்தும். மலைத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு அப்படித்தான். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. பொறுமையாகக் கேட்டால் நான் செய்தது நியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

என் பெயர் அர்த்தனாரி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டைச் சேர்ந்த சேங்காட்டுப்பட்டிக்கு நான் ஊர்க்கவுண்டன். என் அப்பாவுக்குப் பிறகு அந்தத் தலைப்பாகை எனக்கு வந்தது. ஊரில் வழக்கு என்றால் நான் தீர்ப்பு சொல்வேன். அதிகாரிகள் மலை ஏறினால் சுமை தூக்க ஆள் கொடுப்பேன், கோழி கொடுப்பேன், அவர்கள் இறங்கிப் போகிறவரை வாசலில் நிற்பேன். மாதேஸ்வரன் என் கூடப்பிறந்த தங்கை கண்ணாயியின் புருஷன். நல்லவன். அவன்மேல் எனக்கு ஏதோ பழைய பகை என்று கீழே பேசிக்கொள்கிறார்களாம். அப்படி எதுவும் கிடையாது. கண்ணாயிக்கு அவனைப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது காட்டுக்கு எல்லைக்கல் நட வந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் சர்க்காருக்கு. என் அப்பா அந்தப் பக்கத்தில் சாமை விதைக்கப் புதருக்குத் தீ வைத்தார். தலைமுறையாகச் செய்துவந்ததுதான். கூடாரம் போட்டிருந்த துரை அவரைப் பிடித்து ஊர்ப் பலாமரத்தில் கட்டச் சொன்னார். அடித்தவன் களைத்துப்போய் இன்னொருவனிடம் பிரம்பைக் கொடுத்தான். ஊர் முழுக்க நின்று பார்த்தது. அப்பா முதலில் திட்டினார். பிறகு கும்பிட்டார். பிறகு அவருடைய வேட்டி நனைந்தது. அவிழ்த்துவிட்டபோது அவர் எங்கள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை, தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தாலே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அதை நான் அவமானமாக நினைக்கவில்லை. ஒரு புத்தியாக எடுத்துக்கொண்டேன்.

நான் கவுண்டனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் யாரையும் மரத்தில் கட்டியதில்லை. விறகு வெட்டக் கூடாது என்றால் வெட்டமாட்டோம். மாடு கல்லைத் தாண்டினால் அதைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைப்பார்கள். நாங்கள் போய்க் கும்பிட்டு மீட்டு வருவோம். என் மாடுகள் மட்டும் அந்தப் பக்கம் மேயலாம் என்று காட்டிலாகா ரேஞ்சர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஊர்க்கவுண்டனுக்கு எங்கும் உள்ள மரியாதைதான்.

மாதேஸ்வரன் ஒரு கோடையில் மிளகு விற்கக் கீழே போனவன், அறுப்புக்கு ஆள் தேடும் நேரத்தில்தான் திரும்பினான். தலையில் கதர்க் குல்லா. காங்கிரஸ்காரர்களோடு ஊர் ஊராகப் போய்க் கூட்டம் கேட்டிருக்கிறான். அதுவரை மாடு கன்றைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவன், மாரியம்மன் கோயில் பொங்கலன்று ஊரே கூடியிருந்த இடத்தில் எழுந்து நின்றான்.

"ஏனுங்க மச்சான், இந்தக் காட்ட யாருங்க வெச்சது? கல்லு நட்டுட்டா காடு அவிங்களுது ஆயிருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை.

"நாம யாரையும் அடிக்க வேண்டாம், வைய வேண்டாம். ஒரே நாள்ல ஊர் மாட்டையெல்லாம் கல்லுக்கு அந்தப்புறம் ஓட்டிக்கிட்டுப் போவோம். எத்தன பேரத்தான் பலாமரத்துல கட்டுவாங்க? அத்தன மரம் இருக்குதா?"

ஊர் சிரித்தது. என் அப்பா கட்டப்பட்ட மரத்தைச் சொல்லித்தான் அவன் பேசினான், அதற்குத்தான் சிரித்தார்கள். எனக்குக் கோபம் இல்லை, ஐயா. இந்தச் சிரிப்பு கீழேவரை கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. கோயிலுக்குப் பின்னால் காட்டிலாகா கார்டு யாராவது நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனாலும் அன்று பொங்கல் எனக்கு இறங்கவில்லை.

அவனை என் வீட்டுக்கு அழைத்துச் சொல்லிப் பார்த்தேன். ரேஞ்சர் வருவார், போலீஸ் வரும், கூரையைப் பிரிப்பார்கள், பெண்கள் புதரில் ஒளிய வேண்டிவரும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. பயந்துக்கிட்டே போவோம்" என்றான்.

அப்படிப் பேசுகிறவனை வைத்துக்கொண்டு ஒரு ஊரை எப்படிக் காப்பாற்றுவது? ஊரைக் கூட்டினேன். அவனை நீக்கிவைத்தேன். யாரும் அவனுக்கு அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது, அவன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் யாரும் என் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணாயி மட்டும் தன் மகள் பாவாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அண்ணா, நானும் அவரோட போறனுங்க" என்றாள்.

"குழந்தையத் தூக்கிக்கிட்டுக் கீழ போயி எங்க கண்ணு நிப்பே? அவன் புத்தி தெளிஞ்சு வரட்டும். உன்னய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவளை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அவன் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனதை ஊர் கதவிடுக்கில் பார்த்தது.

போனவன் போயிருந்தால் இத்தனை பேச்சு இல்லை. மகளைப் பார்க்க அவ்வப்போது மலை ஏறி வந்து, மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டில் ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் தங்குவதாகத் தெரிந்தது. அங்கேயும் பேசினான். இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து மாடு ஓட்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. அவன் தங்கும் தோட்டம் எது என்று போலீசுக்குச் சொன்னது நான்தான். நானே நடந்து வந்து சொன்னேன். அப்போதெல்லாம் காங்கிரஸ்காரர்களை எங்கும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவனையும் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பினார்கள். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஜெயில் கல்லால் கட்டியது, மழை ஒழுகாது, வேளைக்குக் களி உண்டு. கண்ணாயியிடமும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு உங்கள் சர்க்கார்தான் தவறு செய்தது, ஐயா. மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். மேலே பெரியவர்களுக்குள் ராஜி ஆகிவிட்டதாம், பிடித்தவர்களையெல்லாம் விடச் சொல்லிவிட்டார்களாம். அடைத்தவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்ததும் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் வாசலுக்குச் சாணி தெளித்தார்கள். திருவிழா இல்லை, விசேஷம் இல்லை. யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வாசல் எல்லாம் சுத்தமாக இருந்தது. நான் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே தெரு வழியாக நடந்து வந்தேன். அவன் ஊருக்குள் கால் வைத்தால் அடுத்த நாளே மாடுகள் கல்லைத் தாண்டும். அதற்கு அடுத்த நாள் பிரம்பு வரும். யாரை முதலில் கட்டுவார்கள்? ஊர்க்கவுண்டனைத்தான். அது வழக்கம். ஆனால் நான் நினைத்தது ஊரைப் பற்றி மட்டும்தான்.

என் ஏவல் ஆள் குழந்தைசாமியை அழைத்துக்கொண்டு பாதிப் பாதையில் சுனைக்கருகே காத்திருந்தேன். மாதேஸ்வரன் தனியாக ஏறி வந்தான். ஜெயில் அவனை உருக்கியிருந்தது. காய்ச்சல் வேறு. உடம்பெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடியும் சொறியுமாகத் தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நீக்கிவைத்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் நீக்கம் முடிந்தது என்று பொருள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ணாயி நல்லா இருக்குதுங்களா? பாவாயி நடக்குதா?" என்று கேட்டான்.

"ஓடுது. ஊட்டுக்கு வா, மாப்பிள்ளை. ஆனா நேரா வரக் கூடாது. ஜெயில் சோறு தின்னவன். தீட்டுக் கழியற வரைக்கும் ஓடைக்கு அக்கரைல இருந்துட்டு வா. நானே கஞ்சி கொண்டாரேன்."

சிரித்தான். "இதெல்லாம் எந்த ஊர்ச் சட்டமுங்க?" என்றான். ஆனால் வந்தான். களைத்திருந்தான், மறுபடி சண்டை போட அவனுக்கு மனமில்லை. ஓடைக்கு அக்கரையில் ஒரு குடிசை உண்டு. அடிமரங்களை நெருக்கமாக நட்டு மண் பூசியது. முன்பு ஊரில் அம்மை வார்த்தபோது, வார்த்தவர்களைக் கொண்டுபோய்ப் போடுவதற்காகக் கட்டியது. அதில் போனவர்கள் அதிகம் திரும்பியதில்லை. பகலில்கூட அந்தப் பக்கம் ஆடு மேய்க்கமாட்டார்கள். அவனாகவே தலையைக் குனிந்து உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன். குழந்தைசாமி வெளியில் குறுக்கு மரத்தைப் போட்டான். போட்டபிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தான். "அம்மை" என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவன் முகம் வெளுத்து, தொட்ட கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே ஓடையைத் தாண்டினான்.

ஊருக்கு வந்து, மாதேஸ்வரன் ஜெயிலிலிருந்து அம்மையோடு வந்திருக்கிறான் என்று சொன்னேன். உடம்பெல்லாம் தடித்திருந்ததைக் குழந்தைசாமியும் பார்த்திருந்தான், அதனால் அவன் பொய் சொல்லவில்லை. சாணி தெளித்த வாசல்களில் வேப்பிலை ஏறியது.

அவன் கூப்பிடத் தொடங்கியது மறுநாள். குரல் ஓடையைத் தாண்டி நன்றாகக் கேட்டது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"குழந்தைசாமி! எனக்கு ஒண்ணுமில்லப்பா. கதவத் தொறந்து உடு. கண்ணாயி! கண்ணாயி!"

இது எனக்குத் தோன்றாமல் போயிருந்தது. இரண்டொருவர் ஓடைக்கரைவரை போய் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். காய்ச்சல் பேச்சாக இல்லையே, தெளிவாகத்தானே பேசுகிறான் என்றார்கள். அப்போதுதான் நான் ஊரைக் கூட்டி ஒன்று சொன்னேன். அம்மை வார்த்தவன் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, கூப்பிடுவது அவன் இல்லை. அவன் வாயால் ஆத்தா கூப்பிடுகிறாள். பதில் சொன்னவன் வீட்டுக்கு அவள் வந்துவிடுவாள். காதில் விழுந்தால்கூட ஆகாது.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் மலையில் கிடையாது, ஐயா. நான் சொன்னபிறகு வந்தது. இப்போது கிழவர்களே தங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். குரல் வந்ததும் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருவார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் காதில் பஞ்சு அடைத்தார்கள். ஓடைத் தண்ணீரை விட்டுவிட்டு மேட்டுச் சுனைக்கு நடந்தார்கள். தன் பெயரைக் கேட்டவன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வான், மற்றவர்கள் அவனுக்கு அம்மை வார்க்கிறதா என்று விலகி நின்று பார்ப்பார்கள். வெயில் இருக்கும்போதே கதவுகள் அடைந்தன. ஊர் அவ்வளவு அடங்கியிருந்து நான் பார்த்ததில்லை.

கண்ணாயிதான் கஷ்டப்படுத்தினாள். ஓடையில் இறங்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அவரு என்னயக் கூப்படறாருங்க அண்ணா. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தர்றேன்."

"நீ போ கண்ணு. போயிட்டு வந்து பாவாயியத் தூக்காம இருப்பியா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், பதில் சொல்லிவிடாமல் இருக்க. குரல் வரும்போதெல்லாம் அப்படியே செய்தாள். அவளைக் கட்டிவைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கஞ்சி நான்தான் கொண்டுபோனேன். ஊர் என்னைத் தெய்வமாகப் பார்த்தது. ஆத்தாளுக்கே பயப்படாத கவுண்டர் என்றார்கள். கதவுக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது, அதன் வழியாகச் சட்டியை உள்ளே தள்ளுவேன். முதலில் கத்தினான். பிறகு நியாயம் பேசினான். பிறகு, மாடு ஓட்டுவதைப் பற்றி இனிப் பேசுவதில்லை, மகளை ஒரு தடவை காட்டினால் போதும், மலையை விட்டே போய்விடுகிறேன் என்றான். விட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் திறந்துவிட்டால் ஊர் அவன் உடம்பைப் பார்க்கும். அம்மைத் தழும்பு எங்கே என்று கேட்கும். அடைக்கும்போது அவனைப் பற்றி மட்டும்தான் பயந்தேன். அடைத்தபிறகு கதவைத் திறப்பதற்கும் பயப்பட வேண்டியதாயிற்று. நீங்களே சொல்லுங்கள், என்னால் வேறு என்ன செய்திருக்க முடியும்?

மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறி வந்தது. அவன் குரலும் தேய்ந்துவிட்டது. அவனுக்கு உண்மையான மலைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு நாள் மாலை மங்குவதற்குள் போய்ச் சட்டியைத் தள்ளினேன். உள்ளேயிருந்து அவன் அதை வாங்காமல், என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். இறுக்கமாக இல்லை. குளிர்ந்த கை.

"மச்சான், உங்க கை எதுக்குங்க இப்படி நடுங்குது?" என்றான்.

"மழைக் குளுரு" என்றேன்.

"இல்லீங்க. தெனமும் நடுங்குது. சட்டி கதவுல தட்டற சத்தம் எனக்குக் கேக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பயப்படாதீங்க. என்னயத் தொறந்து உட்டாலும் இத நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அம்மைதான் வந்துச்சு, கவுண்டருதான் காப்பாத்துனாருன்னு சொல்றேன். நீங்க பயப்படாதீங்க."

அவனிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அந்தச் சொல் கூடவே வந்தது. ஊருக்காகப் பயப்படுகிறவனுக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் வித்தியாசம் இல்லையா? அடைபட்டுக் கிடக்கிறவன் எனக்குத் தைரியம் சொல்கிறான். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான். அதை அவன் வெளியே வந்து சொல்லமாட்டான் என்றாலும், அவனுக்குத் தெரியுமே.

அதன்பிறகு நான் போகவில்லை.

ஓடையில் வெள்ளம் என்று சொன்னேன். வெள்ளம் இருந்தது, உண்மை. ஆனால் மேற்கே பாறைவழியாகக் கடக்கலாம். அது எனக்குத் தெரியும். கஞ்சியைப் பற்றிக் குழந்தைசாமி கேட்டபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குரல் சில நாள் வந்தது. கடைசியில் பெயர்கள் இல்லை, வெறும் சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று ஊர் மாவிளக்கு எடுத்தது. நான் முன்னால் நின்றேன். அவனை நான் ஒரு அடிகூட அடித்ததில்லை, ஐயா. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாயி ஓடையைக் கடப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மழை விட்டதும், மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். குறுக்கு மரத்தைத் தனியாகத் தூக்கி எறிந்திருக்கிறாள். அவனைக் குளிப்பாட்டினாளாம். அவன் உடம்பு கிடந்த நிலையில் எப்படிக் குளிப்பாட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஊருக்குள் வந்து கோயில் முன்னால் நின்றாள். அழவில்லை.

"என் புருசன் மேல ஒரு அம்ம முத்துக்கூட இல்ல" என்றாள். "தலையிலருந்து காலு வரைக்கும் நான் பாத்துட்டேன். ஒரு முத்துக்கூட இல்ல. வந்து பாருங்க."

யாரும் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். குழந்தைசாமிதான் முதலில் நடந்தான். அப்புறம் எல்லோரும் ஓடையைக் கடந்தார்கள். நான் மட்டும் கோயில் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திரும்பி வரும்போது என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிப் போவதைப்போல. அவள் அன்றே மலை இறங்கி உங்களிடம் வந்தாள்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். நீக்கிவைத்தது நான், காட்டிக்கொடுத்தது நான், அடைத்தது நான், பட்டினி போட்டதும் நான்.

நேற்று கம்பிக்கு வெளியே காவலுக்கு நின்ற சிப்பாய் ஒன்று சொன்னார். அவனுக்குக் காரியம் முடிந்த மறுநாள் எங்கள் ஊர்க்காரர்கள் மாடுகளை எல்லைக்கல்லைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்களாம். கண்ணாயி முன்னால் நடந்தாளாம். ரேஞ்சர் வந்து கத்தினாராம், இரண்டு மாடுகளைப் பிடித்துப் போனாராம், அவ்வளவுதானாம். பிரம்பு இல்லை, கூரை பிரிக்கவில்லை, ஒருவரையும் மரத்தில் கட்டவில்லையாம். கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இத்தனை காலம் நான் அவர்களைப் பத்திரமாக வைத்திருந்ததனால்தான் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் மலைக்குப் போனால் அதைக் கண்ணாயியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா. இங்கே சாட்சி சொல்ல வரும்போது நான் வாயைத் திறந்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.